விசேட வைத்தியருக்கு வேலைக்கேற்ற கொடுப்பனவு: முல்லைத்தீவுக்கு அது சரிவருமா?

கடையில் நிற்பவருக்கு மாதச் சம்பளம் கொடுப்பதா, விற்பனையைப் பார்த்து கொமிஷன் கொடுப்பதா என்ற கேள்வி இப்பத்தியின் வாசகர்களுக்குப் புதியதல்ல. மாதச் சம்பளக்காரர் பின்னேரம் நான்கு மணிக்கே மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்குவார். கொமிஷன்காரர் வாடிக்கையாளருக்குத் தேவையில்லாததையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பார். இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைக் கண்டுபிடித்தவர்களே கடையை நீண்ட காலம் கொண்டு நடத்துகிறார்கள். இவ்வாரம் இதே கேள்வியை வைத்தியசாலைக்குள் கொண்டுபோய்ப் பார்க்க விரும்புகிறேன்.

காரணம் இருக்கிறது. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். மேற்படிப்பின் ஒரு பகுதியாக வெளிநாட்டுப் பயிற்சிக்குச் சென்ற நிபுணர்களில் ஒரு பகுதியினர் திரும்பவே இல்லை. 2024 ஜனவரியில் வைத்தியர்களின் டி.ஏ.டி. கொடுப்பனவு 35,000 ரூபாவிலிருந்து 70,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. உடனே ஏனைய சுகாதார ஊழியர்கள் எங்களுக்கும் அதே அளவு தாருங்கள் என்று பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கினார்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படைச் சம்பளம் கூட்டப்பட்டபோது, மேலதிக நேரக் கொடுப்பனவைக் கணக்கிடும் முறையில் தங்களுக்கு நட்டம் என்று அரச மருத்துவ அதிகாரிகள் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. இவற்றைக் கேட்டுக்கொண்டிருக்கும் நமது கடைத்தெருவில் ஒரு குரல் எழுகிறது: “வேலை செய்யிறவருக்குக் கூடக் குடுங்க, செய்யாதவருக்குக் குறைங்க. நம்ம கடையில அப்படித்தானே செய்யிறம்?”

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முல்லைத்தீவில் இருந்துகொண்டு கணக்குப் பார்க்கும்போது விடை வேறு விதமாக வருகிறது.

முதலில் நமது செலவைப் பார்ப்போம். முல்லைத்தீவு மாவட்டத்தின் பரப்பு சுமார் 2,617 சதுர கிலோமீட்டர். கொழும்பு மாவட்டத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். 2012 குடிசன மதிப்பீட்டில் இங்கு இருந்தவர்களோ சுமார் 92 ஆயிரம் பேர்தான். கொழும்பில் 23 இலட்சம் பேர். மாஞ்சோலையில் மாவட்ட பொது வைத்தியசாலை இருக்கிறது. புதுக்குடியிருப்பு, மாங்குளம், மல்லாவி ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. கட்டடங்கள் எழும்பியுள்ளன, கருவிகளும் வந்துள்ளன. ஆனால் ஒரு துறைக்கு நிபுணர் இல்லாத மாதத்தில், அல்லது இருந்த ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போய் அடுத்தவர் வராத மாதத்தில், நோயாளி வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோதான் போக வேண்டும். யாழ்ப்பாணம் என்றால் பரந்தன் ஊடாக ஒரு வழிக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல். தண்ணீரூற்றில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவர் தன் தாயாரை இருதய நோய் நிபுணரிடம் காட்டுவதற்கு ஒரு நாள் கடையை மூட வேண்டும், வேன் பிடிக்க வேண்டும், துணைக்கு ஒருவரைக் கூட்டிச் செல்ல வேண்டும், வெளியே சாப்பிட வேண்டும். வைத்தியம் இலவசம், அதை அடைவதற்கான செலவு இலவசமல்ல. 2012/13 இல் எடுக்கப்பட்ட குடும்ப வருமான செலவின ஆய்வில் நாட்டிலேயே வறுமை கூடிய மாவட்டமாக, 28.8 வீதத்துடன், முல்லைத்தீவே பதிவானது. அதன் பின்னர் நிலைமை முன்னேறியிருந்தாலும், வேன் பிடிக்க முடியாதவர்கள் இங்கு இன்னும் ஏராளம்.

இதில் எமது சமூகத்துக்கென்று ஒரு விசேட நியாயமும் உண்டு. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் இரண்டு தசாப்தங்களைக் கழித்து, 2009 க்குப் பின்னர் நீராவிப்பிட்டி, தண்ணீரூற்று, ஹிஜ்ராபுரம் என்று திரும்பி வந்த குடும்பங்களில் பல, இன்னும் ஒரு காலை அங்கும் ஒரு காலை இங்குமாக வைத்திருக்கின்றன. ஏன் முழுமையாக வரவில்லை என்று கேட்டால் காணி, வீடு, பாடசாலை என்று சொல்வார்கள். நான்காவதாக வருவது வைத்தியசாலை. வயோதிபப் பெற்றோரும் பிரசவத்துக்குக் காத்திருக்கும் மகளும் உள்ள வீட்டில் அதுவே முதலாவதாக வருவதையும் கண்டிருக்கிறேன். எனவே நிபுணருக்கு எவ்வாறு சம்பளம் கொடுப்பது என்பது கொழும்பில் உள்ள அதிகாரிகளின் பிரச்சினை மட்டுமல்ல.

அரச நிபுணர் ஒருவரின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் தரத்தையும் சேவைக் காலத்தையும் பொறுத்தது. டி.ஏ.டி. கொடுப்பனவு, பெயருக்கேற்ப, வேளை கெட்ட வேளையில் அழைக்கப்படும் தொந்தரவுக்கும், அழைத்தால் கிடைக்கக்கூடிய நிலையில் இருப்பதற்கும், போக்குவரத்துக்குமானது. மேலதிக நேரக் கொடுப்பனவு மணித்தியாலக் கணக்கு. இந்த மூன்றிலும் எத்தனை நோயாளி குணமானார், எத்தனை சத்திரசிகிச்சை நடந்தது என்ற கேள்வியே இல்லை. ஆக, அரசு கொடுப்பது பதவிக்கும் நேரத்துக்கும்தான்.

நான்காவது வருமானம் ஒன்று இருக்கிறது. 1977 இலிருந்து அரச வைத்தியர்கள் கடமை நேரத்துக்குப் பின் தனியார் சேவை செய்ய அனுமதிக்கப்பட்டிருக்கிறார்கள். நாம் ‘சனலிங்’ என்று சொல்வது அதைத்தான். அங்கே ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கட்டணம். பெயர் பெற்றவரிடம் கூட்டம் கூடும், மற்றவரிடம் குறையும். சரியாகச் சொன்னால், இந்த நாட்டில் விசேட வைத்தியர்களுக்கு வேலைக்கேற்ற கொடுப்பனவு ஐந்து தசாப்தமாக நடைமுறையில் இருக்கிறது. கொடுப்பவர் திறைசேரி அல்ல, நோயாளி. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். இது விளக்கத்துக்கான கணக்கே தவிர எவருடைய கணக்கும் அல்ல. ஒரு நகரத்தில் ஒரு நிபுணர் ஒரு மாலையில் 20 பேரைப் பார்க்கிறார், ஆளுக்கு அவர் கைக்கு வருவது 2,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாலைக்கு 40,000. இரண்டு மாலையில் 80,000. அதாவது ஒரு மாத டி.ஏ.டி. கொடுப்பனவை அவர் இரண்டே மாலையில் தாண்டிவிடுகிறார். இப்போது அதே நிபுணரை முல்லைத்தீவில் கொண்டுவந்து வையுங்கள். பெரிய தனியார் மருத்துவமனை இல்லை. கரைவலை இழுப்பவரும் வயல் செய்பவரும் 2,000 ரூபா கொடுத்து எத்தனை தடவை வருவார்கள்? அரச சம்பளம் இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றே. வித்தியாசம் முழுவதும் அந்த நான்காவது வருமானத்தில். சந்தை இல்லாத இடத்துக்குச் சரக்கு வராததுபோல, சனலிங் இல்லாத இடத்துக்கு நிபுணர் வருவது கடினம். வந்தாலும் கட்டாய காலம் முடிந்ததும் அடுத்த இடமாற்றப் பட்டியலைப் பார்க்கிறார். இதில் அவரைக் குறை சொல்லி என்ன பயன்? நாமும் கடையைச் சந்தி பார்த்துத்தானே போடுகிறோம்.

இதையெல்லாம் நிபுணர்கள் எவ்வாறு பார்க்கிறார்கள் என்று அறிய, வன்னியில் பணியாற்றிய, பணியாற்றும் சிலருடன் பேசினேன். பெயரும் இடமும் எழுத வேண்டாம் என்ற நிபந்தனையுடனேயே பேசினார்கள். எனக்கு வியப்பளித்தது, இந்தப் பேச்சு அவர்களிடையே எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பதுதான். டி.ஏ.டி. பற்றியும் இடமாற்றச் சபை பற்றியும் விரல் நுனியில் விபரம் வைத்திருப்பவர்கள், செயற்றிறன் அடிப்படையிலான கொடுப்பனவு என்றதும் “கம்பனிக்காரர் குடுக்கிற போனஸ் மாதிரியோ?” என்று என்னிடமே திருப்பிக் கேட்டார்கள்.

சத்திரசிகிச்சை செய்யும் ஒருவர் முதலில் ஆதரவாகத்தான் பேசினார். “நானா, நான் கிழமைக்கு இவ்வளவு ஒபரேஷன் செய்யிறன். இன்னொரு இடத்திலை இருக்கிறவர் அதிலை பாதிதான் செய்வார். ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம். அது நியாயமோ?” என்றார். எண்ணிக்கைக்குக் காசு என்றால் கடினமான நோயாளியை எடுப்பீர்களா என்று கேட்டேன். சிறிது யோசித்துவிட்டு, “நான் எடுப்பன். ஆனா எல்லாரும் எடுப்பினம் எண்டு சொல்லமாட்டன். இலேசான கேஸை இஞ்சை வச்சுக்கொண்டு பாரமான கேஸை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினால், கணக்கிலை நான் கெட்டிக்காரன்தானே” என்றார்.

மயக்கமருந்து நிபுணர் ஒருவர் சொன்னது வேறு. “ஒபரேஷன் நல்லா முடிஞ்சால் சேர்ஜனுக்குப் புள்ளி. நான் ஒழுங்காச் செய்தால் ஒண்டுமே நடக்காது. ஒண்டும் நடக்காததுக்கு என்னெண்டு புள்ளி போடுவியள்?” அவர் சிரித்துக்கொண்டு சொன்னாலும் கேள்வி பாரமானது. மனநல நிபுணர் யுத்தத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயுடன் ஒரு மணித்தியாலம் இருக்கிறார். சட்ட வைத்திய அதிகாரி நீதிமன்றத்தில் அரை நாள் காத்திருக்கிறார். நோயியல் நிபுணர் நோயாளியின் முகத்தையே காண்பதில்லை. இவர்களுடைய வேலையை எந்தத் தராசில் வைப்பது?

மூன்றாமவர் பிரித்தானியாவில் பயிற்சி பெற்றவர். அவருக்கு மட்டும் விடயம் நன்கு தெரிந்திருந்தது. “அங்கை இருவது வருஷமாச் செய்து பார்த்துட்டினம். வந்து கேளுங்கோ” என்றார். கேட்டதுடன் நிற்காமல் தேடியும் பார்த்தேன்.

பிரித்தானியாவில் 2004 ஏப்ரலில் குடும்ப வைத்தியர்களுக்குப் புள்ளி முறை ஒன்று அறிமுகமானது. இரத்த அழுத்தம், நீரிழிவு, கொழுப்பு என்று நூற்றுக்கு மேற்பட்ட குறிகாட்டிகள். மொத்தம் 1,050 புள்ளிகள். புள்ளிக்கு இவ்வளவு பவுண் என்று கணக்கு. வைத்தியர்கள் 75 வீதம் அளவில் எடுப்பார்கள் என்று நினைத்து அரசாங்கம் பணம் ஒதுக்கியது. முதலாவது ஆண்டிலேயே அவர்கள் 90 வீதத்தைத் தாண்டிவிட்டார்கள். நமது பாஷையில் சொன்னால், சேல்ஸ் ரெப்புக்கு டார்கெட்டைக் குறைத்து வைத்துவிட்டு முழு போனஸையும் கட்டிய கம்பனியின் நிலை. நோயாளிக்கு நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. பதிவுகள் சீரடைந்தன, சில நோய்களில் கவனிப்பு முன்னேறியது. ஆனால் புள்ளியில் இல்லாத விடயங்களுக்கு அக்கறை குறைகிறது என்ற முறைப்பாடு தொடர்ந்து வந்தது. ஸ்கொட்லாந்து 2016 இல் இந்த முறையைக் கைவிட்டது.

அதே காலத்தில் அங்கு நடந்த இன்னொரு விடயம் இன்னும் சுவையானது. நோயாளி 48 மணித்தியாலத்துக்குள் வைத்தியரைக் காண வேண்டும் என்று ஓர் இலக்கு. இலக்கை அடைவதற்காகப் பல நிலையங்கள் என்ன செய்தன தெரியுமா? இரண்டு நாளுக்கு அப்பால் எவருக்கும் நேரமே ஒதுக்குவதில்லை என்று முடிவெடுத்தன. அடுத்த வாரம் வரலாமா என்று கேட்பவரிடம், அடுத்த வாரம் காலையில் எடுத்துப் பாருங்கள் என்பது பதில். 2005 இல் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் ஒரு பெண் இதைச் சொன்னபோது அன்றைய பிரதமர் டொனி பிளேயர் திகைத்துப் போனார். மாத முடிவில் டார்கெட் அடிப்பதற்காக பிஸ்கட் பெட்டிகளை நமது கடையில் இறக்கிவிட்டு, அடுத்த மாதம் திருப்பி எடுக்கும் ரெப்பை அறிந்த நமக்கு இதில் திகைக்க ஒன்றுமில்லை.

நிபுணர்களுக்கென்று பிரித்தானியா வேறொரு வழியை வைத்திருந்தது. 1948 இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோதே சிறப்பாகச் செய்யும் நிபுணர்களுக்கு மேலதிகக் கொடுப்பனவு என்ற ஏற்பாடு வந்தது. 2003 இல் அது சீர்திருத்தப்பட்டு வேறு பெயர் பெற்றது. சக நிபுணர்கள் உள்ளிட்ட குழுக்கள் விண்ணப்பத்தைப் பார்த்துத் தீர்மானிக்கின்றன. இதன் மீது நெடுங்காலமாக உள்ள குறை, பெரிய நகரங்களின் போதனா வைத்தியசாலைகளில் இருப்பவர்களுக்கே கூடுதலாகக் கிடைக்கிறது என்பதாகும். ஆராய்ச்சி, மாநாடு, குழுத் தலைமை எல்லாம் அங்கேதானே இருக்கின்றன. ஒரு மூலையில் தனியாக இருந்து இரவு பகலாக நோயாளி பார்ப்பவருக்கு விண்ணப்பம் எழுதவே நேரம் இல்லை.

முல்லைத்தீவுக்கு மிக நெருக்கமான பாடம் பிரித்தானியாவில் இல்லை, தாய்லாந்தில் இருக்கிறது. அந்நாட்டிலும் வைத்தியர்கள் பேங்கொக்கை விட்டு நகர விரும்பாத பிரச்சினை பழையது. பட்டம் பெற்ற வைத்தியர் மூன்று வருடம் அரச சேவை செய்ய வேண்டும் என்று 1970 களின் தொடக்கத்திலிருந்தே கட்டாயம் வைத்திருக்கிறார்கள். அத்துடன் கிராமப்புற வைத்தியசாலைகளில் இருப்பவர்களுக்குக் கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவும் கொடுத்தார்கள். 2008 இல் அதைக் கணிசமாக உயர்த்தினார்கள். இடம் எவ்வளவு தூரம், அங்கே எத்தனை வருடம் தங்கினார் என்ற இரண்டையும் பார்த்துத் தொகை கூடும்.

2013 இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சு ஒரு புதிய கொள்கையைக் கொண்டுவந்தது. கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவைக் குறைத்து, அதற்குப் பதிலாகச் செய்த வேலைக்குப் புள்ளி போட்டுக் காசு கொடுப்பது. பார்வைக்கு எவ்வளவு நியாயம்! ஆனால் கிராம வைத்தியர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்களுடைய சங்கம் வீதிக்கு இறங்கியது, அமைச்சர் பதவி விலக வேண்டும் என்றது. அவர்களின் வாதம் எளிமையானது. சிறிய வைத்தியசாலையில் நோயாளி குறைவு. ஆகவே புள்ளியும் குறைவு. பெரிய நகரத்தில் கூட்டம் அதிகம். ஆகவே புள்ளியும் அதிகம். ஏற்கனவே நகரத்தை நோக்கி இழுக்கும் கயிற்றை அரசாங்கமே இன்னும் பலமாக இழுக்கிறது. ஊர் மக்களுக்கு நோய் வராமல் தடுக்க வீடு வீடாகப் போகும் வைத்தியர், நோயாளி குறைந்ததற்காகவே சம்பளம் இழப்பார். மாதக்கணக்கான இழுபறிக்குப் பின், கொடுப்பனவை அகற்றிவிட்டுப் புள்ளியை மட்டும் வைக்கும் யோசனை நினைத்தவாறு நிறைவேறவில்லை.

இந்த வாதத்தை அப்படியே மாஞ்சோலைக்குப் பொருத்திப் பாருங்கள். 92 ஆயிரம் பேர் இருந்த மாவட்டத்தின் மகப்பேற்று நிபுணரும், 23 இலட்சம் பேர் இருந்த மாவட்டத்தின் மகப்பேற்று நிபுணரும் ஒரே புள்ளிப் பட்டியலில் போட்டியிட்டால் யார் தோற்பார் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்குக் குருதி பெருகும் தாய்க்கு அந்த ஒருவர் அங்கே இருந்தாரா, இல்லையா என்பதுதான் கணக்கு. அப்படியொரு இரவு மாதத்தில் ஒரு தடவைதான் வரலாம். எஞ்சிய இரவுகளில் அவர் சும்மா இருப்பதற்கும் சேர்த்தே நாம் கொடுக்கிறோம். தீயணைப்பு வண்டியை எரிந்த வீடுகளின் எண்ணிக்கைக்கு வாடகை பேசி எவரும் எடுப்பதில்லை.

துருக்கியின் அனுபவத்தையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 2003 இல் தொடங்கிய சுகாதார மறுசீரமைப்பின் கீழ், அரச வைத்தியசாலைகளில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் சத்திரசிகிச்சைக்கும் புள்ளி வைத்து மேலதிகப் பணம் கொடுத்தார்கள். மாலையில் சொந்த கிளினிக் நடத்திய நிபுணர்கள் பெருமளவில் அதை மூடிவிட்டு முழுநேரமும் அரச வைத்தியசாலைக்கு வந்தார்கள். அது பெரிய வெற்றி, மறுக்க முடியாது. ஆனால் எண்ணிக்கை ஏறியது, ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் நிமிடங்கள் இறங்கின என்று அந்நாட்டு வைத்தியர் சங்கமே ஓயாமல் முறையிட்டது. பின்னர் பணவீக்கத்தில் சம்பளம் கரைந்து வைத்தியர்கள் வெளிநாடு போகத் தொடங்கியபோது, போவதென்றால் போகட்டும் என்ற பொருளில் ஜனாதிபதி எர்துகான் 2022 மார்ச்சில் பேசி, அது பெரும் சர்ச்சையானது.

ருவாண்டாவிலோ இம்முறை நன்றாகவே வேலை செய்திருக்கிறது. தனி வைத்தியருக்கல்ல, சுகாதார நிலையத்துக்கே பணம் கொடுத்தார்கள். 2011 இல் வெளியான ஆய்வின்படி நிலையங்களில் நடக்கும் பிரசவங்கள் 23 வீதத்தால் கூடின. சிறு பிள்ளைகளைத் தடுப்புச் சேவைக்குக் கொண்டுவருவதும் நன்றாக அதிகரித்தது. கர்ப்பிணி ஒருவர் நான்கு தடவையும் வந்து முடிப்பதில் மட்டும் மாற்றம் தெரியவில்லை. அது நிலையத்தின் கையில் மட்டும் இல்லாத விடயம். நமது நாட்டிலும் 2018 இல் உலக வங்கி ஆரம்ப சுகாதாரத்துக்கு வழங்கிய 200 மில்லியன் டொலர் திட்டத்தில், குறித்த பெறுபேறுகளைக் காட்டினால்தான் பணம் விடுவிக்கப்படும் என்ற நிபந்தனை இருந்தது. ஆனால் அது அரசாங்கத்துக்கு வைத்த இலக்கு, வைத்தியருக்கு வைத்ததல்ல. நான் பேசிய நிபுணர்களில் ஒருவர்கூட இதை அறிந்திருக்கவில்லை.

எமது ஃபிக்ஹ் நூல்களும் இந்த வித்தியாசத்தைக் கவனித்திருக்கின்றன. உழைப்புக்குக் கூலி பேசுவது இஜாரா; முடிவைக் காட்டினால் பரிசு என்பது ஜுஆலா. வைத்தியரைக் குணப்படுத்தித் தருவதாக இஜாராவில் அமர்த்துவது பற்றி இமாம்கள் தயங்கியதற்குக் காரணம், குணம் வைத்தியரின் கையில் இல்லை என்பதே. வியாபார ஒப்பந்தம் செய்பவர்களுக்கு இது நல்ல அளவுகோல்: ஒருவரின் கையில் உள்ளதற்கு மட்டும் அவரிடம் கணக்குக் கேளுங்கள்.

முல்லைத்தீவில் நிபுணரின் கையில் இருப்பவை எவை? இடத்தில் இருப்பது. கிளினிக்கைக் குறித்த நேரத்துக்குத் தொடங்குவது. அழைத்தால் வருவது. இளம் வைத்தியருக்குப் பழக்கிக் கொடுப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, முதலாவது வருடம் முடிந்ததும் ஓடாமல் மூன்றாவது வருடமும் தங்குவது. ஒரு நிபுணர் தங்கினால் என்ன நடக்கும் என்பது எல்லோரும் கண்ட விடயம். நோயாளிகளின் கதை அவருக்குத் தெரியும், தாதியருக்கு அவர் முறை தெரியும், தேவையான கருவிக்கு அவர் எழுதி வாதாடுவார். மாறி மாறி வருபவரிடம் இது எதுவும் இல்லை. எனவே என் அபிப்பிராயம், கொடுப்பனவை எண்ணிக்கைக்குக் கட்டாமல் தூரத்துக்கும் தங்கிய காலத்துக்கும் கட்ட வேண்டும் என்பது. டி.ஏ.டி. கொடுப்பனவு கஷ்டப் பிரதேசத்தில் பல மடங்காகட்டும். அதுவும் முதலாவது வருடத்தில் சிறிதாகவும் மூன்றாவது வருடத்தில் பெரிதாகவும் இருக்கட்டும். நகரத்து நிபுணர் சனலிங்கில் எடுப்பதை முழுமையாக ஈடு செய்ய எந்தத் திறைசேரியாலும் முடியாது. ஆனால் இன்று இருப்பது ஈடு செய்வதற்கான முயற்சியே இல்லாத நிலை.

வேலைக்கேற்ற கொடுப்பனவு சிறிதும் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. கொடுப்பதானால் கரைவலைக் கணக்கில் கொடுக்கலாம். முல்லைத்தீவுக் கடற்கரையில் வலை இழுத்து முடிந்ததும், செலவு கழித்து, சம்மாட்டிக்கு இவ்வளவு, கயிறு பிடித்தவர்களுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிகிறது. பாடு நன்றாக இருந்தால் எல்லோருக்கும் நன்றாக இருக்கும். வைத்தியசாலையிலும் ஒரு பிரிவு முழுவதற்கும், நிபுணர் முதல் சிற்றூழியர் வரை, ஒரு தொகையை வைத்துப் பங்கிட்டால் மயக்கமருந்து நிபுணரின் கேள்விக்கும் ஓரளவு விடை கிடைக்கும். 2024 இல் வைத்தியருக்கு மட்டும் கூட்டியதால் வந்த பணிப்பகிஷ்கரிப்பும் மறந்து போகக் கூடாத அனுபவம்.

அளவிடவே முடியாத கடமையும் உண்டு. 2009 இன் முதல் மாதங்களில், எறிகணை விழுந்த புதுக்குடியிருப்பு வைத்தியசாலையிலும் அதன் பின்னர் கடற்கரையோரத் தற்காலிக இடங்களிலும், வரதராஜா, சத்தியமூர்த்தி, சண்முகராஜா ஆகிய அரச வைத்தியர்கள் மருந்தும் குருதியும் இல்லாமல் வேலை செய்தார்கள். மே மாதத்தில் யுத்தம் முடிந்ததும் அவர்கள் தடுத்து வைக்கப்பட்டதும் வரலாறு. அவர்கள் நிபுணர்கள் அல்ல, சாதாரண அரச சம்பளக்காரர்கள். எந்தப் புள்ளி அட்டவணையும் அவர்களை அங்கே இருக்க வைக்கவில்லை. இதைச் சொல்வது, இனி வரும் வைத்தியர்களும் தியாகத்திலேயே வாழட்டும் என்பதற்காக அல்ல. அப்படி எதிர்பார்ப்பது மிகவும் மலிவான பேரம்.

பிரித்தானியாவில் பயிற்சி பெற்ற அந்த நிபுணரிடம் கடைசியாக, எதைக் கொடுத்தால் இன்னும் இரண்டு வருடம் நிற்பீர்கள் என்று நேரடியாகவே கேட்டேன். காசைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன். “குடும்பத்தோடை இருக்க ஒரு வீடு. பிள்ளையளுக்கு நல்ல பள்ளிக்கூடம். எனக்கு மாறி நிக்க இன்னொரு நிபுணர், ஒரு கிழமை லீவு எடுக்க. அதுக்குப் பிறகு காசைப் பற்றிக் கதைப்பம்” என்றார்.

இரண்டாவதும் மூன்றாவதும் அமைச்சின் கையில். முதலாவது நமது கையிலும் இருக்கிறது. முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கம் நல்ல வீடுகளைக் கட்டிவிட்டு, புத்தளத்திலேயே இருந்துகொண்டு அவற்றைப் பூட்டி வைத்திருக்கும் வியாபாரிகள் நம்மில் இருக்கிறார்கள். வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவில் நம்மவர்கள் இருந்தால், அடுத்த கூட்டத்தில் இதை எடுக்கலாம்: வீடு தனி வைத்தியரின் பெயரில் அல்ல, வைத்தியசாலை நிர்வாகத்தின் பெயரில், இலவசமாக அல்ல, ஊர் வாடகைக்கு, வாய்ப்பேச்சில் அல்ல, மூன்று வருட எழுத்து ஒப்பந்தத்தில். தயவுக்காகக் கொடுக்கும் வீட்டில் இருப்பவரிடம் வரிசையைத் தாண்டி முதலில் போய் நிற்க நமக்கே மனம் வந்துவிடும். வாடகை ஒழுங்காக வரும் வீட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.